பொட்டு வைத்த ஐசி

நீங்கள் மெமரியை அழிப்பதற்குக் கீபோர்டில் ஒரு தட்டு தட்டுகிறீர்கள். நாங்கள் அதை மொட்டைமாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் காயவைத்தோம். சொன்னால் கதை விடுகிறேன் என்பீர்கள். நான் ஓய்வு பெற்ற அன்று நம் ரிப்பேர் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, உங்களில் ஒரு தங்கச்சி பழைய போர்டு ஒன்றைக் காட்டி, ஐசிக்கு எதற்கு ஜன்னல் என்று கேட்டாள். மாலை போட நின்றவர்களின் அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. நல்ல கேள்விக்கு அரைப் பதில் சொல்வது எனக்குப் பிடிக்காது. முழுப் பதிலை இப்போது எழுதுகிறேன், எல்லோருமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஐசிக்கு, அதாவது அந்தச் சில்லுக்கு, ஈப்ராம் என்று பெயர். மெஷின் என்ன செய்ய வேண்டும் என்கிற புரோகிராம் முழுவதும் அதற்குள் இருக்கும். கரண்ட் போனாலும் மறக்காது. அதை அழித்து வேறு எழுத வேண்டுமென்றால் முதுகில் உள்ள கண்ணாடி வழியாகப் புறஊதா ஒளியைக் காட்ட வேண்டும். ஒளி பட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்து வெள்ளைத்தாள் ஆகிவிடும். புதிதாக எழுதிய பிறகு அந்தக் கண்ணாடியை மறைத்து எதையாவது ஒட்டிவிட வேண்டும். ஒட்டாமல் விட்டால் ஜன்னலோர வெளிச்சம்கூட மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தின்றுவிடும். ஜன்னல் விஷயம் இவ்வளவுதான்.

அழிப்பதற்கென்று விற்ற கருவியை வாங்கும் வசதி ஆரம்பத்தில் விழுப்புரத்தில் எங்கள் கடைக்கு இல்லை. ஆளாளுக்கு ஒரு வீட்டு வைத்தியம் வைத்திருந்தோம். வெயில் என் வைத்தியம். ஒரு வாரம் போல ஆகும், ஆனால் செலவில்லை. ஒருமுறை திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மாடியில் வைத்த ஐசியைக் காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதன் கால்கள் பளபளப்பாக இருந்ததில் காக்காவுக்கு என்ன ஆசை வந்ததோ தெரியவில்லை. ஒரு எடைமெஷினின் புரோகிராம் முழுவதும் ஏதோ ஒரு வேப்பமரத்துக் கூட்டில் கிடந்திருக்கும்.

என்னோடு வேலை செய்த ஏழுமலை அண்ணனின் வைத்தியம் இன்னும் சிறப்பு. என்னைவிடச் சில வயது மூத்தவர், முண்டியம்பாக்கத்துக்காரர், கை சுத்தமான ரிப்பேர்காரர், வாய் மட்டும் சும்மா இருக்காது. எதிர்ச்சாரிக் கடையில் கள்ளநோட்டு பார்க்கிற விளக்கு ஊதாவாக எரிவதைப் பார்த்துவிட்டு அதை இரவல் வாங்கி வந்து, ஐசியை அடியில் வைத்து நாள் முழுக்க எரியவிட்டார். மாலையில் பார்த்தால் ஒரு எழுத்துகூட அழியவில்லை. அந்த விளக்கின் ஒளி வேறு ரகம். ஐசியை அழிக்கிற ஒளி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். எங்கள் முதலாளி ஒரு தகரப் பெட்டியில் யூவி டியூப் பொருத்தி, எரிகிறதா என்று மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் இரண்டு நாள் அவதிப்பட்டார். அந்தத் தகரப் பெட்டிதான் பிறகு பல வருஷம் எங்களுக்குச் சோறு போட்டது. நீங்கள் யாரும் மூடாத யூவி டியூபைப் பார்க்கக்கூடாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

இனி நான் சொல்லவந்த விஷயம். அது நடந்த காலத்தில் எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்டது. ஈப்ராமும் கடைகளிலிருந்து ஏறக்குறைய போய்விட்டது. பழைய மெஷின்களின் வயிற்றில் மட்டும் மிச்சம் இருந்தது.

அஞ்சலை விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் இருப்பவள். கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் போகிற குடும்பம், சொந்தமாகக் கையளவு நிலம் கிடையாது. மூடிப்போன ஒரு பண்ணையிலிருந்து குஞ்சு பொரிக்கிற பழைய இன்குபேட்டர் ஒன்றை வாங்கி வந்து, கூரை வீட்டுக்குள் ஓர் அறை தடுத்து வைத்திருந்தாள். வாங்கிய கையோடு ஒருமுறை நான்தான் போய்ச் சரிபார்த்தேன். அப்போதே உள்ளே இருந்த புரோகிராமை லேப்டாப்பில் நகல் எடுத்து வைத்தேன். எந்த மெஷினைத் தொட்டாலும் முதலில் நகல் எடுங்கள். அதற்குப் பிறகு உங்கள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொள்ளலாம்.

அந்தப் பொங்கலுக்கு முன்னால் அவள் முதல் ஈடு முட்டை வைத்திருந்தாள். அத்தனையும் தெருப் பெண்களின் முட்டை. ஒவ்வொருத்தியும் தன் நாட்டுக்கோழி இட்டதை விற்காமல், தின்னாமல் சேர்த்துக் கொடுத்திருந்தாள். யாருடையது என்று தெரிய ஓட்டின்மேல் பென்சிலால் புள்ளி, கோடு, பிறை என்று ஆளுக்கொரு குறி. இது பொரிந்தால் அடுத்த ஈட்டுக்கும் கொடுப்பார்கள், அஞ்சலைக்கு ஒரு பிழைப்பு அமையும். கெட்டால் தெருவில் யார் முகத்திலும் முழிக்க முடியாது. மறுபடி கரும்பு வெட்டத்தான் போக வேண்டும்.

மாட்டுப் பொங்கலன்று காலை எங்கள் வீட்டில் கறி அடுப்பில் இருக்கும்போது அவளிடமிருந்து போன்.

"அக்கா, மெஷினு பேஜாரு பண்ணுதுக்கா. நம்பர் வர்ற எடத்துல எட்டு எட்டா எரியுது. சூடே ஏறல."

முதலில் மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். பிறகு உள்ளே பச்சை போர்டில் கண்ணாடி வைத்த ஐசிமேல் ஏதாவது ஒட்டியிருக்கிறதா பார் என்றேன். ஒட்டியிருந்த தாள் காய்ந்து கீழே விழுந்து கிடப்பதாகச் சொன்னாள். அந்த அறை ஜன்னல் கிழக்குப் பார்த்தது என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. காலை வெயில் தினமும் மூடித் தகடு இல்லாத மெஷினின் வயிற்றுக்குள் விழுந்து, புரோகிராமைக் கடித்துக் கடித்துத் தின்றிருக்கிறது.

பல வருஷம் சூட்டில் கிடந்த அந்த ஐசியை இனி நம்ப முடியாது, வேறு ஐசி வேண்டும். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவே பொங்கலுக்குப் பூட்டிக் கிடக்கிறது. கடையில் பழைய போர்டுகளில் கிடப்பதை அழித்து எழுதலாம் என்று ஏழுமலை அண்ணனைக் கூப்பிட்டேன். "இன்னாம்மா பண்றது, போகிக்குக் கடைய சுத்தம் பண்ணேன் இல்ல, அப்ப கைதவறி தகரப்பொட்டி டியூபு ஒடஞ்சிடுச்சி" என்றார். பழைய போர்டுகள் எங்கே என்றேன். அவையும் போகிக் குப்பையோடு காயலான் கடைக்குப் போய்விட்டன. தேடிப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு எடைமெஷின் ஐசி மேசை இழுப்பறையில் கிடக்கிறது என்றார். பழையதைக் கழிப்பது போகியின் வழக்கம். அண்ணன் எங்கள் கைக்காவலையும் சேர்த்துக் கழித்திருந்தார். திட்டுவதற்கு நேரமில்லை. ஐசியையும் லேப்டாப்பையும் எழுதும் கருவியையும் எடுத்துக்கொண்டு அஞ்சலை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

டியூபுக்கு எங்கே போவது? நெருக்கடியில் மனசு முதலில் பெரிய இடங்களைத்தான் தேடும். எந்தத் தொழிற்சாலையில் இருக்கும், எந்த டாக்டரைக் கேட்கலாம் என்றெல்லாம் யோசித்தேன். பக்கத்தில் இருப்பது கடைசியில்தான் தோன்றும். திண்டிவனத்தில் நாங்கள் பூசைக்குப் போகும் மாதா கோயிலை ஒட்டி, கன்னியாஸ்திரிகள் நடத்தும் மாணவியர் விடுதி ஒன்று உண்டு. அதன் சமையல்கட்டில் தண்ணீர் ஃபில்டர் இருந்தது. கிருமியைக் கொல்ல அதற்குள் ஒரு யூவி டியூப் எரியும். கிருமியைக் கொல்கிற ஒளிதான் ஐசியையும் அழிக்கும்.

பிள்ளைகள் எல்லாம் ஊருக்குப் போயிருந்தார்கள். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் மட்டும் இருந்தார். கோழி முட்டைக்கும் தண்ணீர் ஃபில்டருக்கும் என்ன சம்பந்தம் என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். ஸ்க்ரூடிரைவர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். டியூபையும் அதன் சோக்கையும் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டேன். அங்கேயே அழித்துவிட்டு மாட்டிவிடலாமா என்று ஒரு யோசனை இருந்தது, ஏழுமலை அண்ணன் ஐசியோடு திண்டிவனம் வரை வந்தால் போதுமே என்று.

"ஒரே தடவையில முடிஞ்சிடுமா?" என்று சிஸ்டர் கேட்டார். தெரியாது என்றேன்.

"அப்ப கையோட எடுத்துட்டுப் போங்க. பிள்ளைங்க வர்ற வரைக்கும் நான் தண்ணிய காய்ச்சிக் குடிச்சுக்கறேன்."

அந்த ஒரு கேள்விதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது. அது எனக்கு மத்தியானம்தான் தெரிந்தது. அவருக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும், தண்ணீர் காய்ச்சுவது ஒரு வேலையா என்று சொல்லிவிடுவார்.

நெடுஞ்சாலையில் பண்டிகைக் கூட்டத்தோடு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்கினேன். அஞ்சலை அதற்குள் முட்டைகளை மெஷினிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள். மூங்கில் கூடையில் உமி பரப்பி, முட்டைகளை அடுக்கி, பழைய நூல்புடவைகளால் சுற்றி, நடுநடுவே வெந்நீர்ச் சொம்புகளைச் சொருகி வைத்திருந்தாள். தெருப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அவர்களில் பச்சையம்மா என்பவர் வயதில் மூத்தவர், அதிக முட்டை கொடுத்தவரும் அவர்தான். அவருடைய குறி பிறை.

ஏழுமலை அண்ணன் பைக்கில் வந்து சேர்ந்தார். பையிலிருந்து ஐசியை எடுத்தார். அதன் கண்ணாடியின்மேல் மெரூன் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. இது எங்கள் கடை வழக்கம். கண்ணாடியை மறைக்க எல்லோரும் எதை எதையோ ஒட்டியபோது, அண்ணன் தன் மனைவியின் பொட்டு அட்டையை டூல்ஸ் பெட்டியிலேயே வைத்திருந்தார். அளவு கச்சிதம், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், ஒட்டினால் லேசில் விழாது. வெள்ளிக்கிழமை எழுதிய ஐசிக்குச் சிவப்புப் பொட்டுதான் வைப்பார் என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் பொட்டை உரித்தார், நகத்தால் சுரண்டினார், சட்டையில் துடைத்தார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

டியூபின் வெளிச்சம் யார் கண்ணிலும் படக்கூடாது. அஞ்சலையிடம் பெரிய அண்டா இருக்கிறதா என்று கேட்டேன். பொங்கலுக்குத் தேய்த்துக் கவிழ்த்த அண்டாவை அப்படியே கொண்டுவந்தாள். தரையில் ஐசி, அதற்குமேல் இரண்டு செங்கல்லில் டியூப், எல்லாவற்றையும் மூடிய அண்டா, அடியில் ஒயர் வருகிற இடத்தில் ஈரத்துணி. பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். இட்லி ஈடு வெந்துவிட்டதா, குத்திப் பார்க்கலாமா என்று அவர்களுக்குள் ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. அத்தனை பேர் முட்டையும் கூடையில் இருக்கும்போது சிரிக்க முடிகிறவர்களோடு வேலை செய்வது ஒரு கொடுப்பினை.

வழக்கமான நேரம் ஆனதும் எடுத்தோம். லேப்டாப் காலி என்று காட்டியது. புரோகிராமை எழுதினோம். ஒப்பிட்டுப் பார்த்தோம், ஒரு எழுத்து பிசகில்லை. மெஷினில் சொருகினேன். எண் சரியாக வந்தது, சூடு ஏறியது, ஏற வேண்டிய அளவில் நின்றது. வாசலில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். பச்சையம்மா கூடையைத் தூக்கவே வந்துவிட்டார்.

நான் வேண்டாம் என்றேன். மத்தியானம் பம்புசெட்டுகளுக்குக் கரண்ட் விடுகிற நேரம் வரும். சுற்றிலும் கரும்பும் நெல்லும், அத்தனை மோட்டாரும் ஒன்றாக ஓடும்போது அந்தத் தெருவில் குண்டு பல்பு மின்மினி ஆகிவிடும். அதுவரை மெஷின் காலியாகவே ஓடட்டும் என்றேன். காரணம் கேட்டால் என்னிடம் எடுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. நான் சுபாவத்திலேயே சந்தேகக்காரி. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிறவள். சௌகரியமாக இருக்கும்போது எல்லா மெஷினும் நல்ல மெஷின்தான், கஷ்டத்தில் என்ன செய்கிறது என்று பார்க்காமல் எனக்கு நம்பிக்கை வராது.

"வெரிஃபை ஓகேன்னு காட்டுது. இன்னும் இன்னாம்மா?" என்றார் ஏழுமலை அண்ணன். அவர் வீட்டில் மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடிக்கப் பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

பச்சையம்மா இன்னும் நேராகக் கேட்டார். "முட்ட குளுந்துக்கினு இருக்குது, மெஷினு சும்மா ஓடிக்கினு இருக்குது. இன்னா நாயம் இது?"

நியாயமான கேள்வி. நான் அஞ்சலையைத் தனியாகக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். ஐசி இல்லாத மெஷின் குளிர்ந்துபோகும், அவ்வளவுதான். கோளாறான ஐசி போட்ட மெஷின் ஹீட்டரை நிறுத்தத் தெரியாமல் முட்டையை அவித்துவிடும். எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, முட்டை உன்னுடைய பொறுப்பில் இருக்கிறது, முடிவும் நீதான் சொல்ல வேண்டும் என்றேன்.

அவள் கூடைக்குள் புடவையை விலக்கி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வாசலில் நின்றவர்களையும் ஒருமுறை பார்த்தாள்.

"கோழியே அடையில இருந்து எழுந்து மேயப் போவுது. குளுந்தா முட்ட கொஞ்சம் பொறுக்கும். வெந்தா பொறுக்காது. நீங்க நிதானமா பாருங்கக்கா. இவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

என் வேலைக் காலம் முழுக்க நான் கேட்ட வார்த்தை ஜல்தி. அரிசி மில்காரர் ஜல்தி என்பார், எடைமேடைக்காரர் ஜல்தி என்பார், எங்கள் முதலாளி கனவில்கூட ஜல்தி என்றுதான் சொல்லியிருப்பார். நிதானமாகப் பாருங்கள் என்று என்னிடம் சொன்ன ஒரே வாடிக்கையாளர், அன்று எல்லோரையும்விட அதிகமாக இழக்க இருந்தவள்தான். அவள் வாசலுக்குப் போய் என்ன சொன்னாளோ தெரியாது. கொஞ்ச நேரம் முணுமுணுப்பு இருந்தது. பிறகு பச்சையம்மா தானே அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட ஆரம்பித்தார்.

மத்தியானம் பம்புசெட்டுக் கரண்ட் வந்தது. தூரத்தில் மோட்டார்கள் ஒவ்வொன்றாகப் பிடிக்கிற சத்தம் கேட்டது. பல்பு மங்கியது. மெஷினின் எண்கள் ஒருமுறை துடித்தன. பிறகு ஒரே எண்ணில் அப்படியே நின்றுவிட்டன. ஹீட்டர் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தது. உள்ளே வைத்த தெர்மாமீட்டரில் பாதரசம் நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி ஏறியது, இன்னும் ஏறியது. நானே போய் மெயினை அணைத்தேன். அஞ்சலை கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. என் கண்களும்தான், சொல்வதில் வெட்கமென்ன.

வோல்டேஜ்தான் குற்றவாளி என்றார் ஏழுமலை அண்ணன். வோல்டேஜைக் குற்றம் சொல்வது எங்கள் தொழிலில் ரொம்பச் சுலபம், அது எதிர்த்துப் பேசாது. ஆனால் இதே மங்கலில் பழைய ஐசி இத்தனை நாள் ஒழுங்காக ஓடியிருக்கிறதே. மாறியது ஒன்றே ஒன்று. ஐசி சரியாக அழியாமல் இருந்தால் இப்படி ஆகும். பழைய எழுத்து முழுதாகப் போகாமல் மங்கலாக உள்ளேயே இருக்கும். லேப்டாப் கொடுக்கும் சீரான கரண்டில் அது தலைகாட்டாது, காலி என்றே சொல்லும். கரண்ட் இறங்கும்போது பழையது மேலே வரும். அந்த மெஷின் அந்த நேரத்தில் பாதி இன்குபேட்டராகவும் பாதி எடைமெஷினாகவும் இருந்திருக்கிறது.

ஏன் அழியவில்லை? டியூப் நல்ல டியூப், நேரமும் சரியான நேரம். ஐசியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற பழக்கத்தில் அதன்மேல் வாயால் ஊதினேன். ஆவி படர்ந்தது. படர்ந்த ஆவியில் வட்டமாக ஒரு தடம் தெரிந்தது.

ஏழுமலை அண்ணன் எட்டிப் பார்த்தார். "என் பொட்டா?" என்றார்.

அவர் பொட்டுதான். உரித்துச் சுரண்டிய பிறகும் பசை கண்ணுக்குத் தெரியாத தோலாகக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. நம் கண்ணுக்கு அது கண்ணாடி, யூவி ஒளிக்கு அது திரை. நாங்கள் தகரப் பெட்டியில் மணிக்கணக்காக வைத்து அழித்த காலத்தில் அந்தப் பசையையும் மீறி ஒளி உள்ளே போயிருக்கும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. சின்ன டியூபில், அவசரத்தில், பொட்டு தன் வேலையைக் காட்டிவிட்டது. அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு ஒரு நிமிடம் உட்கார்ந்தார். பிறகு எழுந்து பைக்கிலிருந்து துணியில் கொஞ்சம் பெட்ரோல் நனைத்து வந்து, அந்தக் கண்ணாடியைக் குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல் துடைத்தார். ஊதிப் பார்த்தார், மறுபடி துடைத்தார், மறுபடி ஊதினார். தடம் போகும்வரை விடவில்லை. தன் பிழை என்று தெரிந்ததும் சமாதானம் சொல்லாமல் துணியைக் கையில் எடுக்கிறவர்கள் குறைவு. அந்த வகையில் அவர் எனக்குப் பெரிய பாடம். வீட்டில் மாடு கொம்பு சீவாமல் நின்றது, அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பெட்ரோல் வாடை போக நன்றாக உலரவிட்டு, மறுபடி அண்டா, மறுபடி டியூப். கையில் அந்த டியூப் இல்லாமல் இருந்திருந்தால் திண்டிவனம் போய் வருவதற்குள் பொழுது போயிருக்கும். வோல்டேஜ் குறைவில் அதுவும் மங்கலாகத்தான் எரியும் என்பதால் இந்தமுறை தாராளமாக நேரம் கொடுத்தோம். யாரும் இட்லி பற்றிப் பேசவில்லை. பெண்கள் முறை வைத்துக்கொண்டு சொம்புகளில் வெந்நீர் மாற்றினார்கள். பச்சையம்மா ஒவ்வொரு முட்டையாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். பிறைக் குறி போட்டதை மட்டுமல்ல, எல்லோருடையதையும்.

அழித்து, எழுதி, சொருகியபோது மோட்டார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. பல்பு மங்கலாகவே இருந்தது. எண் துடிக்கவில்லை. சூடு ஏறியது, நின்றது. ஹீட்டர் விளக்கு அணைந்தது, எரிந்தது, அணைந்தது. அந்த விளக்கு அணைகிற ஒவ்வொரு முறையும் எனக்கு மாதாவே என்று வந்தது. நான் தலையாட்டிய பிறகுதான் அஞ்சலை கூடையைத் தூக்கினாள்.

ஐசியின் கண்ணாடியை மூட வேண்டுமே என்று நான் பையில் கறுப்பு டேப் தேடிக்கொண்டிருந்தேன். அஞ்சலை தன் நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து விரல் நுனியில் நீட்டினாள். ஏழுமலை அண்ணன் அதைப் பார்த்ததும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு தெரு முழுக்க வெடித்தது. ஐசிக்குக் கறுப்பு டேப்தான் ஒட்டினேன். அஞ்சலை எடுத்த பொட்டை மறுபடி நெற்றியில் வைக்கவில்லை. மெஷினின் கதவில், நடுவில், மஞ்சள் குழைத்துத் தடவி, அதன்மேல் ஒட்டினாள்.

"எங்க வூட்ல மாடு இல்லக்கா. இதான் மாடு" என்றாள்.

தங்கச்சி, தம்பிகளே, உங்கள் காலத்தில் அழிப்பதும் எழுதுவதும் ஒரே தட்டில் முடிகிறது. இருந்தாலும் திரையில் சரி என்று வந்ததும் பையைத் தூக்காதீர்கள். அந்த மெஷின் தினமும் படும் கஷ்டத்தில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். முடியாத ரிப்பேரை முடியவில்லை என்று சொன்னால் பொருள் குளிரும், அவ்வளவுதான். பாதி ரிப்பேர் அதை அவித்துவிடும். இன்னொன்று, உங்களுக்கு நிதானத்தைக் கொடுக்கிற ஆள் எப்போதாவது ஒருவர்தான் வருவார். வரும்போது அவரை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்.

சிஸ்டரிடம் டியூபை மறுநாளே மாட்டிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அஞ்சலையிடமிருந்து போனே இல்லை. நானாகக் கூப்பிடப் பயம். கடைசியில் ஒருநாள் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் எண் வந்தது. எடுத்து, பொரிந்ததா என்று கேட்டேன். பதில் இல்லை. அஞ்சலை, அஞ்சலை என்றேன். அப்போதும் பதில் இல்லை. பின்னால் பச்சையம்மாவின் குரல் மட்டும் கேட்டது: "அந்தக்காவுக்கு நல்லா கேக்கட்டும், போனை உள்ள உட்டுப் புடிடி."

பிறகு என் காதுக்குள் கீச்கீச்சென்று ஒரு தெருவே கத்தியது. நான் ஏறவேண்டிய பஸ் வந்து, நின்று, போனது. நான் போனை வைக்கவில்லை.